காணாமல் போன பெற்றோர் கவனத்திற்கு

என் தங்கைக்கு எங்கள் வீட்டில் 'மைக்' என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தபோது அவளுக்குப் பால் பல்கூட விழவில்லை. குளியலறையை யார் அதிக நேரம் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், பிஸ்கட் டப்பாவை யார் யாருக்குத் தெரியாமல் திறந்தார்கள் என்பதையெல்லாம் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பாள். கிள்ளினால் அதையும் அறிவிப்பாள். "இப்போ அக்கா என்னைக் கிள்ளிட்டா. இடது கையில." அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த வாயை வைத்துக்கொண்டு இவள் எங்கே போய்ப் பிழைக்கப்போகிறாள் என்று எல்லாரும் கவலைப்பட்டோம். கடைசியில் ஊருக்கு வெளியே இருக்கிற தீம் பார்க்கில் போய்ப் பிழைத்தாள். பேசுவதற்குத்தான் சம்பளம், அதுவும் நிஜமான மைக்கில்.

எடுத்த உடனே அந்த வேலை கிடைக்கவில்லை. முதலில் டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களிடம் எங்கேயிருந்து வருகிறீர்கள், ஏன் இவ்வளவு தாமதம், பாட்டியம்மாவை ஏன் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். வரிசை சாலைக்கு வந்துவிட்டது. அப்புறம் நீர்ச் சறுக்கின் உச்சியில் நிறுத்தினார்கள். வருகிறவர்களைப் பார்த்து 'போகலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் பயந்து நிற்கிறவர்களிடம் கதை பேசிப் பாதிப் பேரைப் படி வழியே திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம்தான் காணாமல் போன குழந்தைகள் அறைக்கு மாற்றினார்கள். இவளைப் பிள்ளைகளோடு அடைத்துவிட்டால் பெரியவர்கள் தப்பிப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

முதலுதவி அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை அது. ஒரு மின்விசிறி, பெரியவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பிள்ளைகளுக்குக் குட்டி ஸ்டூல்கள். கிரேயான் டப்பாவில் சிவப்பு மட்டும் எப்போதும் தேய்ந்துபோயிருக்கும். கண்ணாடி ஜன்னலில் எவ்வளவு துடைத்தாலும் போகாத விரல் தடங்கள். மேஜை மேல் மைக், அதன் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானை அழுத்தினால் ராட்டினத்தின் உச்சியில் இருப்பவன் வரைக்கும் இவள் குரல்தான். அழுத்தும்போது என் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பசித்தவன் முன்னால் இலை போட்டது மாதிரி இருக்கும்.

"அக்கா, இத்தனை வருஷத்துல தொலைஞ்சு போன குழந்தைன்னு ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்ல," என்று அடிக்கடி சொல்வாள். "எல்லாம் தொலைஞ்சு போன அப்பா அம்மாதான். பிள்ளைங்க வந்து உட்கார்ந்து, தண்ணி குடிச்சிட்டு, 'எங்கப்பாவைக் காணோம், கொஞ்சம் தேடிக் குடுங்க'ன்னு சொல்லுதுங்க. அழுறது யாரு? பின்னாடி வர்ற பெரியவங்கதான்."

அதனால் அறிவிப்பையும் அப்படியே மாற்றிவிட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "கட்டம் போட்ட சட்டை அணிந்த ஓர் அப்பா காணாமல் போயிருக்கிறார். கொஞ்சம் தொப்பை இருக்கும். அவரைப் பார்த்தவர்கள் பயமுறுத்தாமல் அழைத்து வரவும்." இப்படித்தான் அவள் அறிவிப்பு. கூட்டம் சிரிக்கும், அந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஓடி வருவார். பெரும்பாலும் அவரும் சிரித்துவிடுவார்.

எல்லாரும் சிரிப்பார்களா? ஒரு நாள் ஒரு பையன் வந்து, "ஆன்ட்டி, எங்கப்பா ஆபீஸ்ல காய்ச்சல்னு சொல்லிட்டு வந்திருக்காரு, பேரைச் சொல்லாதீங்க," என்றிருக்கிறான். நல்ல பிள்ளை. என் தங்கையும் பேரைச் சொல்லவில்லை. சட்டை நிறத்தைச் சொன்னாள், தொப்பியைச் சொன்னாள், கடைசியில் நாக்கு சும்மா இருக்காமல், "உங்கள் காய்ச்சல் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்," என்று முடித்தாள். அந்த மனிதரின் மேலதிகாரியும் அன்றைக்குக் குடும்பத்தோடு அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

புகார் வந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் மைக் கிடையாது, லாக்கர் பக்கம் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். லாக்கர் என்றால் ஈரச் செருப்பை வாங்கி வைத்துவிட்டு டோக்கன் கொடுக்கிற வேலை. அங்கே யாரும் பேச மாட்டார்கள், எல்லாருக்கும் குளிர் நடுக்கம். அன்று எங்கள் வீட்டு மாடியில் அவள் தங்கியிருக்கும் அறைக்கு வந்து படுத்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சிறு வயதில் இவள் வாய் மூடாதா என்று ஏங்கியவள் நான். அன்றைக்கு அவள் இடது கையில் லேசாகக் கிள்ளிப் பார்த்தேன், அதையும் அறிவிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் என் மகளுக்குச் சமூக அறிவியல் புராஜெக்ட் வந்தது. மக்கள் கூடும் ஓர் இடத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கேள்வியை யோசித்து, திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வர வேண்டும். சித்தி வேலை பார்க்கிற இடம் என்பதால் மகள் தீம் பார்க் என்று பெயர் கொடுத்துவிட்டாள். 'இருப்பதிலேயே உயரமான ராட்டினம் எது?' என்று எழுதிக்கொண்டு போக, மிஸ் சிவப்பு மையில் 'இது கேள்வி இல்லை, விளம்பரம். மனிதர்களைப் பற்றிக் கேள்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் மறுபடி எழுது என்றார். யார் எழுத வேண்டும் என்று அந்த மிஸ் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் வீட்டில் மகளைத் தவிர எல்லாரும் யோசிக்க ஆரம்பித்தோம்.

எனக்கு இதில் உரிமை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். ஊர்ப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன. ஒரே எரிமலையை எத்தனை வண்ணத்தில் அச்சடித்திருப்பேன். அதனால் யாரும் கேட்காத கேள்வி எது என்று எனக்குத் தெரியும். "தீம் பார்க்குல வெளியே போற வழி ஏன் எப்பவும் பொம்மைக் கடைக்குள்ள புகுந்து போகுது?" இதுதான் என் கேள்வி. இதைவிடச் சமூக அறிவியல் வேறென்ன இருக்கிறது?

என் கணவர் நகராட்சியில் வரைபடம் வரைகிறவர். அவருக்குக் கேள்வி என்றால் மூச்சு வாங்க வேண்டும். "பொழுதுபோக்குப் பூங்காக்களின் சீரான இயக்கத்தில் வரிசை மேலாண்மையின் பங்கு: ஓர் ஆய்வு" என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்து இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார்.

"இதுல கேள்விக்குறியே இல்லையே," என்றேன்.

"ஆய்வுன்னா அப்படித்தான் இருக்கும்," என்றார்.

அந்த வாரம் முழுக்க இதே பாட்டுத்தான். மகள் ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, மிஷின் பக்கத்தில் நின்று ஏதோ சொல்வாள். நானும் "ம்" என்பேன். என் 'ம்' பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மிஷின் ஓடும்போது அந்த இரைச்சலில் யார் பேசினாலும் எனக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரியும். நின்று கேட்டால் வேலை நடக்காது, பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்'. பழைய வாடிக்கையாளர்கள் இதை நம்பி எதுவும் செய்ய மாட்டார்கள். ஒரு தடவை பக்கத்துக் கடைக்காரர் என் ஸ்கூட்டரைக் கேட்டு, நான் 'ம்' போட்டு, எடுத்துக்கொண்டும் போய்விட்டார். திருட்டுப் போய்விட்டது என்று ஊரைக் கூட்டியதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்வது என்று கிளம்பினோம். தங்கை எங்களுக்கு ஊழியர் குடும்பப் பாஸ் வாங்கி வைத்திருந்தாள். வாசலிலேயே என்னை ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, இன்னைக்கு சூப்பர்வைசர் என் ரூம்லயே உட்கார்ந்து நான் எப்படிப் பேசுறேன்னு கேக்கப்போறாரு. சுவத்துல இருக்கறதை எழுத்து மாறாம படிக்கணும், அதுல பேர்கூட வராது. புகார்னு ஒண்ணு வந்தா மைக் போச்சு. அத்தானைக் கொஞ்சம் வம்பு பண்ணாம பார்த்துக்கோ."

"அவரை விடு, நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

"உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்றவள் மகள் பக்கம் குனிந்தாள். "குட்டி, உங்கப்பா அம்மா எங்கேயாவது தொலைஞ்சாங்கன்னா நேரா என் ரூமுக்கு வந்துடு."

படகுச் சவாரிக்கான வரிசையில் போய் நின்றோம். கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற வரிசை. என் கணவர் நுழைவாயிலில் கொடுத்த வரைபடத்தை விரித்துக்கொண்டார். இந்த வளைவுகள் எப்படி மக்களை நகர்ந்துகொண்டே இருப்பதாக நம்ப வைக்கின்றன என்று விளக்கத் தொடங்கினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அதோ அந்தச் சவாரியின் வெளி வாசலைப் பாருங்கள், நேராகப் பொம்மைக் கடைக்குள் போகிறது, இது கண்ணுக்குத் தெரியவில்லையா என்றேன். அவர் வரைபடத்தில் அந்தக் கடையே இல்லை என்றார். வரைபடத்தில் இல்லாதது ஊரில் இருக்கக் கூடாதா என்றேன். நடுவில் மகள் என் கையைத் தொட்டு ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். பின்னால் கையை நீட்டினேன். தண்ணீர் பாட்டில் கைக்கு வந்தது, குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போது ஒலிபெருக்கியில் என் தங்கையின் குரல் வந்தது. எழுதி வைத்ததைப் படிக்கிற குரல், கேட்கவே பாவமாக இருந்தது. "அன்பான பார்வையாளர்களே, பதினொரு வயது மதிக்கத்தக்க, மஞ்சள் நிற மேலாடை அணிந்த பெண் குழந்தை ஒருவர் எங்கள் பாதுகாப்பில் உள்ளார். உரியவர்கள் உடனே வந்து அழைத்துச் செல்லவும்."

"பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ," என்றேன். "நம்ம பிள்ளை மாதிரியே மஞ்சள் சட்டையாம்."

"பெத்தவங்களுக்குப் பொறுப்பு இல்ல," என்றார் என் கணவர். விட்ட இடத்திலிருந்து வளைவுகளைத் தொடர்ந்தார்.

வரிசை நகர்ந்தது. அதே அறிவிப்பு மறுபடி வந்தது. இதென்ன பெற்றோர்கள், காது கேட்காதா என்று எனக்கே எரிச்சல். மூன்றாவது தடவை ஓர் ஆண் குரல் அதையே இன்னும் கறாராகப் படித்தது. இன்னுமா வரவில்லை என்று வரிசையில் இருந்த எல்லாரிடமும் சொல்லி வருத்தப்பட்டேன். அவர்களும் வருத்தப்பட்டார்கள்.

வரிசை இன்னொரு வளைவைத் தாண்டியது. பிறகு அதே ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது.

"காணாமல் போன பெற்றோர் கவனத்திற்கு. ஓர் அப்பாவும் ஓர் அம்மாவும் காணாமல் போயிருக்கிறார்கள். இருவரும் ஏதோ ஒரு வரிசையில் நின்று, வரிசையைப் பற்றியும் பொம்மைக் கடையைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பா கையில் வரைபடம் இருக்கும். அம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். உங்கள் மகள் பத்திரமாக இருக்கிறாள். ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்துவிட்டாள். நீங்கள் பயப்பட வேண்டாம். இருக்கும் இடத்திலேயே நில்லுங்கள். ஆள் வந்து கூட்டிப்போவார்."

முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் கையில் வரைபடம் அப்படியே விரிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மகள் இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தண்ணீர் பாட்டிலோடு நின்றார். "இன்னும் கொஞ்சம் வேணுமாங்க?" என்றார்.

 பிள்ளை பத்திரம் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது, ஆனாலும் கம்பிகளுக்கு அடியில் குனிந்து தேடினேன். அந்தப் பதற்றம் கூட்டம் சிரித்த சிரிப்பில் கோபமாக மாறிவிட்டது. யார் வேலை இது என்று எனக்கா தெரியாது? என் தங்கைக்கு ஆண் குரலில் பேசவும் வரும். சிறு வயதில் அப்பா குரலில் பேசிப் பால்காரரைத் திருப்பி அனுப்பியவள் அவள். எங்களைக் கூட்டிப்போக வந்த ஆளை முந்திக்கொண்டு ஓடினோம்.

அறைக்குள் மகள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்புக் கிரேயானால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். "வந்துட்டாங்க," என்றாள் சித்தியிடம், நிமிராமல்.

என் கணவர் மேஜையைத் தட்டினார். "புகார் எழுதணும். பேப்பர் குடுங்க. ஒரு குடும்பத்தை இப்படியா ஊர் முன்னாடி அசிங்கப்படுத்துறது?"

நானும் சேர்ந்து கத்தத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் தங்கையைப் பார்த்தேன். சுவரோடு சுவராக நின்றாள். கை மைக்கின் மேல் இருந்தது. பிடுங்கப்போகிற பொம்மையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருப்பார்களே, அப்படி.  காலையில் வாசலில் அவள் கேட்டது நினைவுக்கு வந்தது.  "ஏங்க, விடுங்க, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்று கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகர்ந்தால்தானே?

மூலையில் இருந்த நாற்காலியிலிருந்து ஓர் ஆள் எழுந்தார். இடுப்பில் வாக்கி டாக்கி, கழுத்தில் அடையாள அட்டை. சூப்பர்வைசர்.

"எழுதுங்க சார், தாராளமா எழுதுங்க," என்றார் நிதானமாக. "என் பேரை ஒழுங்கா எழுதணும். படிச்சது நான்தான்."

என் கணவர் கை மேஜை மேலேயே நின்றுவிட்டது.

"இந்தம்மா சுவத்துல இருக்கறதை ரெண்டு தடவை படிச்சாங்க, ஒரு எழுத்துகூட மாறல. யாரும் வரல. இவங்க படிக்கிறது சரியில்லன்னு நானே ஒரு தடவை படிச்சேன். அப்பவும் வரல, போனையும் நீங்க எடுக்கல. உங்க பொண்ணு என்னைப் பார்த்து, 'அங்கிள், குழந்தையைக் காணோம்னு சொன்னா யார் வருவாங்க? அவங்கவங்க பிள்ளை அவங்கவங்க கூடவே இருக்குன்னுதான எல்லாரும் நினைச்சிட்டு இருப்பாங்க. எங்கப்பா அம்மாவைக் காணோம்னு சொல்லுங்க, உடனே வருவாங்க'ன்னு சொல்லிச்சு. அடையாளமும் அதுதான் சொல்லிச்சு. சொன்னதைத்தான் படிச்சேன். மூச்சு வாங்க ஓடி வந்துட்டீங்களே."

புகார் காகிதத்தை அவரே எடுத்து நீட்டினார். என் கணவர் அதை வாங்கி, வரைபடத்தோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் வாசல் வரை போய்த் திரும்பி, என் தங்கையைப் பார்த்து, "காய்ச்சல் விஷயம் மட்டும் இனிமே வேண்டாம்," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் தலை மறைந்ததும் என் தங்கை மைக்கின் மேலேயே கவிழ்ந்துகொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தெரியாமல் முழங்கை பட்டுச் சிவப்புப் பொத்தான் அழுந்தியிருக்கிறது. பார்க் முழுக்க ஒரே சிரிப்புச் சத்தம்.

அது தெரியாமல் நான் மகளைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லாம கொள்ளாம எங்கடி வந்த?"

"சொல்லிட்டுத்தான்மா வந்தேன். 'சித்தி ரூமுக்குப் போறேன்'னு சொன்னேன். நீ 'ம்'னு சொன்ன."

அதுவும் பார்க் முழுக்கக் கேட்டது.

இன்றைக்கும் நான் சொல்கிறேன், தப்பு அந்த வரைபடத்தினுடையது. அந்த மனிதர் அதை விரிக்காமல் இருந்திருந்தால் நான் ஏன் சண்டைக்குப் போகிறேன்? வீடு திரும்பும் பேருந்திலும் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். மகள் ஜன்னல் ஓரத்தில் மடியில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'தீம் பார்க்கில் காணாமல் போவது பிள்ளைகளா, பெற்றோரா? ஏன்?' என்று இருந்தது. கேள்விக்குறியும் இருந்தது.

"இது நல்லா இருக்கே. எப்போ தோணிச்சு?"

"போன வாரமே. சித்தி சொல்றதைக் கேட்டுக் கேட்டுத் தோணிச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"கடையில தினமும் சொன்னேனே."

தினமும் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நானே புரிந்துகொண்டேன்.  ஒரு வாரமாக அந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வியைத் தேடி ஊர் சுற்றினோம். அது என் கடைக்குள்தான், மிஷின் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. வலிக்கவும் செய்தது.

மிஸ் அந்தக் கேள்வியை ஒப்புக்கொண்டு, பக்கத்தில் 'யாரிடம் விசாரிப்பாய்?' என்று எழுதியிருந்தார். 'காணாமல் போனவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்' என்று மகள் பதில் எழுதினாள். அவளுக்கு அந்த நாக்கு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

தங்கை இன்னும் அதே அறையில், அதே மைக்கில்தான். சுவரில் இருக்கிற காகிதமும் அங்கேயே இருக்கிறது, வெயிலில் மங்கிக்கொண்டு. மகள் மட்டும் பள்ளி விட்டு வந்ததும் கடை வாசலில் நின்று ஒரு நொடி என்னைப் பார்ப்பாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு, சித்தியின் குரலிலேயே, "காணாமல் போன பெற்றோர் கவனத்திற்கு," என்பாள். நான் மிஷினை அணைத்துவிட்டு இருக்கும் இடத்திலேயே நிற்பேன். அவள் வந்து கூட்டிப்போவாள்.